கண்டாங்கியைக் கணக்குப் பார்ப்போம்: வாசகர் கேள்வி–பதில்

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து சாயம், நூல், ‘பசுமைத் துணி’ என்று கேள்விகள் குவிகின்றன. செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வீட்டியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கண்டாங்கிச் சேலையின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி புராஜெக்ட். ‘ஒரு சேலைக்கு எவ்வளவு கார்பன்’ என்று ஒரே எண்ணாகக் கொடு என்கிறார் எங்கள் மேடம். எங்கே தொடங்குவது? (மாணவி, தேவகோட்டை)

பதில்: ‘ஒரு சேலை’ என்ற அளவையே மாற்றுங்கள். 200 தடவை உடுத்திக் கிழியும் சேலையையும், நாலு கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு பீரோவில் தூங்கும் சேலையையும் ஒன்றுக்கு ஒன்று வைத்து எடை போட முடியாது. ‘ஒரு தடவை உடுத்துவதற்கு எவ்வளவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைச் சுழற்சிக் கணக்குக்கான ஐ.எஸ்.ஓ. 14040, 14044 விதிகளும் இந்த அடிப்படை அலகை முதலில் எழுதச் சொல்கின்றன. பருத்திக் காட்டிலிருந்தா, நூல் மில்லிலிருந்தா, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நூலின் எடை. கடைக்காரர் சொன்னதை எழுதாதீர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு சிட்டம் (சிட்டா என்னும் நூல் கட்டு) 840 கெஜம், அதாவது 768 மீட்டர். 60-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் (453.6 கிராம்) 60 சிட்டம், கிராமுக்கு சுமார் 101 மீட்டர். உங்கள் சேலை 48 அங்குல அகலம், ஐந்தரை மீட்டர் நீளம், பூதக்கண்ணாடி வைத்து எண்ணியதில் அங்குலத்துக்குப் பாவு (நீளவாட்டு நூல்) 64 இழை, ஊடை (குறுக்கு நூல்) 60 இழை என்று வைத்துக்கொள்வோம். பாவு 48 × 64 = 3,072 இழை, ஐந்தரை மீட்டருக்கு 16,896 மீட்டர். ஊடை ஏறக்குறைய 12,990 வீச்சு, ஒவ்வொன்றும் 1.22 மீட்டர், ஆக 15,850 மீட்டர். இரண்டையும் கூட்டி 101.6 ஆல் வகுத்தால் 322 கிராம். இழை மேலும் கீழும் வளைந்து போவதற்கு 7 சதவீதம் சேர்த்தால் 345 கிராம் வரும்.

இப்போது சேலையைத் தராசில் வையுங்கள். 450 கிராம் காட்டினால் ஒன்று, நூல் 60-ஆம் நம்பர் இல்லை. அல்லது கரையில் தடித்த நூலோ இரட்டை இழையோ போயிருக்கிறது. அல்லது கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். கஞ்சியைக் கண்டுபிடிக்க மருந்துக்கடை டிங்சர் அயோடினை நீர் கலந்து, சேலையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுக்கஞ்சி. (கறை விழும். அம்மாவுடைய சேலையில் வேண்டாம்.) ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, சோப்பு நீரில் கொதிக்கவைத்து, காயவைத்து மறுபடி எடை போட்டால் எத்தனை சதவீதம் கஞ்சி என்று தெரிந்துவிடும். இந்த ஒரு படியை விட்டுவிடும் புராஜெக்ட்களில் பருத்தியின் கணக்கு முழுதும் கூடுதலாகவே வருகிறது.

நூற்புக்கு மில்லில் ‘யூ.கே.ஜி.’ என்று கேளுங்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பது அது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் 40-ஆம் நம்பருக்கு மாற்றிய கணக்கு. 60-ஆம் நம்பருக்கு அதைவிடக் கூடும் என்பதால், எந்த நம்பருக்கான எண் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைத்தறியில் நெய்ய விளக்கு, மின்விசிறி தவிரக் கரண்ட் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு? 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியில் சேலைக்குப் பத்து நிமிடம். பெட்டி பாதி நேரம் தானாக அணைந்து எரியும் என்று வைத்தால் 0.08 யூனிட். நூறு தடவைக்கு 8 யூனிட். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகிறது. யூனிட்டுக்கான இந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எந்த ஆண்டின் எண் என்று குறிப்பிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கில் ஒரு எச்சரிக்கை. ஒரு கிலோ பருத்திக்கு 10,000 லிட்டர் என்று எல்லாரும் எழுதுவது உலகச் சராசரி. அதில் வானத்து மழையும் சேர்த்தி, கிணற்றுப் பாசனமும் சேர்த்தி. மானாவாரிப் பருத்திக்கும் இறவைப் பருத்திக்கும் ஒரே எண்ணைப் போட்டால் ஆராய்ச்சி அங்கேயே கெட்டது. இரண்டையும் தனித்தனி வரியில் போடுங்கள். மேடம் கேட்ட ஒற்றை எண்ணைக் கடைசிப் பக்கத்தில் கொடுக்கலாம், பக்கத்திலேயே எத்தனை தடவை உடுத்துவதாக எடுத்துக்கொண்டீர்கள் என்றும் எழுதினால்.

கேள்வி: பேச்சுப் போட்டியில் ‘உலகை அதிகம் மாசுபடுத்துவதில் ஃபேஷன் துறைக்கு இரண்டாம் இடம்’ என்று பேசலாமா? (பள்ளி மாணவன், பள்ளத்தூர்)

பதில்: வேண்டாம் தம்பி. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் யாரும் காட்டக்கூடிய ஆய்வு இல்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. உலகக் கார்பன் உமிழ்வில் துணித் துறையின் பங்கு என்று சொல்லப்படும் மதிப்பீடுகளே சுமார் 2 சதவீதத்திலிருந்து 10 வரை ஓடுகின்றன. எதை உள்ளே சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதால் வரும் வித்தியாசம் அது. அதையே பேசு. நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: புதுக் கண்டாங்கியைக் கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார் மாமியார். நான் போட்டும் வெள்ளைப் பாவாடை சிவந்துவிட்டது. (குடும்பத் தலைவி, கோட்டையூர்)

பதில்: உப்பின் வேலை சாயத் தொட்டியோடு முடிந்துவிடுகிறது. தண்ணீரில் மிதக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதுதான் அது. ரியாக்டிவ் சாயம் நூலோடு பிணைய சோடா ஆஷ் என்னும் காரம் வேண்டும். பிணையாமல் தண்ணீரோடு சேர்ந்து செத்துப்போன சாயம் நூலுக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி வெளியேற்ற வேண்டும். விறகுக்கும் நேரத்துக்கும் பயந்து பட்டறையில் பச்சைத் தண்ணீரில் அலசி அனுப்பியிருப்பார்கள். மிச்சம் உங்கள் பாவாடைக்கு வந்தது. உப்பு அந்தச் சாயத்தைக் கொஞ்ச நேரம் உள்ளேயே பிடித்துவைக்கும், அவ்வளவே. அடுத்த துவைப்பில் வரத்தான் செய்யும்.

முந்தானை ஓரத்தின் ஒரு மூலையை மட்டும் 60 டிகிரி நீரில் (கை வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு), லிட்டருக்கு 2 கிராம் சோப்புத் தூள் போட்டுப் பத்து நிமிடம் முக்குங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி நாலு முறை. நாலாவது தண்ணீர் தெளிந்தால் அது வெறும் மிச்சச் சாயம். முழுச் சேலையையும் அப்படியே அலசிவிடலாம். நாலாவதும் முதலாவதும் ஒரே நிறமாக இருந்தால் சாயமே பிடிக்கவில்லை. அதற்கு வைத்தியம் கிடையாது, பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவையுங்கள்.

வாங்கும்போதே பார்க்க ஒரு வழி: வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி சிவப்புக் கட்டத்தின் மேல் காய்ந்தபடி பத்து முறை, நனைத்துப் பத்து முறை தேயுங்கள். ஆய்வுக்கூடத்தில் 5-லிருந்து 1 வரை மதிப்பெண் போடும் உரசல் சோதனையின் கைவைத்திய வடிவம் இது. அடர்சிவப்பிலும் கருப்பிலும் நனைத்துத் தேய்க்கும்போது லேசாக ஒட்டுவது சகஜம். காய்ந்த துணியில் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாமியாரிடம் இதைச் சொல்லும் பக்குவம் உங்கள் பொறுப்பு.

கேள்வி: வீட்டோடு சாயப்பட்டறை. தினம் 5 கிலோ சிட்டா நூல் தோய்க்கிறோம். கழிவுநீரை என்ன செய்வது? கரண்ட் விட்டு நிறத்தை எடுக்கும் கருவி காரைக்குடி செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருப்பதாகச் சொல்கிறார்கள். (கண்டனூர் பக்கத்திலிருந்து)

பதில்: நிறம் உங்களுக்குச் சின்னப் பிரச்சினை, உப்புதான் பெரிது. 1-க்கு 20 தண்ணீர் என்றால் 5 கிலோ நூலுக்கு 100 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 20 கிராம் சோடா ஆஷ் போட்டால் 5 கிலோ உப்பும் 2 கிலோ சோடாவும். நூலின் எடைக்குச் சமமாக உப்பு! அதில் ஒரு கிராம்கூட நூலில் தங்காது. ஆறு அலசல் தண்ணீரையும் சேர்த்து 700 லிட்டர் என்றால் லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் கரைந்த உப்பு. வெளியே விட அனுமதிக்கும் அளவு 2,100. அது ஊருணிக்குள் போனால் வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது.

மின்வேதியியல் முறை உண்மையானதுதான். இந்தியாவில் அந்தத் துறையின் தலைமை ஆய்வகம் உங்கள் ஊர்ப்பக்கமே இருப்பது அதிர்ஷ்டம். 1953 முதல் இயங்கும் செக்ரியில் சாயக்கழிவை மின்னாற்றலால் தெளியவைக்கும் ஆய்வு பல காலமாக நடக்கிறது. உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகட்டில் கரண்ட் விட்டால், கழிவில் இருக்கும் உப்பே குளோரினாக மாறிச் சாயத்தை உடைக்கும். நிறம் போகும். உப்போ கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். குளோரின் கலந்த வேறு சேர்மங்களும் பிறக்கலாம் என்பதால் அதற்கும் சோதனை வேண்டும். தெளிந்த தண்ணீரைப் பார்த்து ‘சுத்தமாகிவிட்டது’ என்று வாய்க்காலில் திறந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

வெயிலில் ஆவியாக்கலாமே என்பீர்கள். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு சதுர மீட்டரில் 5 லிட்டர். சாயத் தண்ணீரும் முதல் அலசலும் 200 லிட்டர் என்றால் 40 சதுர மீட்டர் தொட்டி, அடியில் பிளாஸ்டிக் விரிப்போடு. உப்பு கெட்டியாக ஆக ஆவியாவதும் மந்தமாகும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி நிரம்பி வழியும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டை கட்டி அதிகாரபூர்வமான இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே உப்பை உள்ளே விடும்போதே குறையுங்கள். கோலில் சிட்டத்தை மாட்டிக் கையால் திருப்பும் முறையில் 1-க்கு 15-க்குக் கீழே போனால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். 15-க்கு வந்தாலே தினம் 1,250 கிராம் உப்பு மிச்சம். ரியாக்டிவ் சாயங்களில் எச்.ஈ. வகைக்கு 80 டிகிரி சூடும் அதிக உப்பும் வேண்டும். எம்.ஈ. வகை 60 டிகிரியில் பிடிக்கும், நூலைப் பிடிக்க இரண்டு வெவ்வேறு வகைக் கொக்கி உள்ளதால் வீணாகும் சாயமும் குறைவு. கடைசி அலசல் தண்ணீரை அடுத்த தோய்ப்பின் முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டால் ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சமாகும்.

சாயத்தொழில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் உள்ளது. வீடு, பட்டறை என்ற பேதம் இல்லை, அனுமதி வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் அபிப்பிராயம்: தினசரி ஓடும் அரக்கு, கருப்பு நிறங்களைக் கழிவுநீர் வெளியேற்றாத ஆலைக்குக் கூட்டாக அனுப்பித் தோய்த்து வாங்குங்கள். அபூர்வமான நிறங்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் ‘ஆசோ ஃப்ரீ’ போர்டு வைக்கலாமா? (ஜவுளிக்கடை, காரைக்குடி)

பதில்: சாயத்தில் சரிபாதிக்கு மேல் ஆசோ வகைதான் (இரட்டை நைட்ரஜன் பிணைப்பு உள்ளவை), எல்லாம் கெட்டதில்லை. உடைந்து குறிப்பிட்ட நச்சு அமீன்களைத் தருபவைதான் தடைக்குள் வரும். இந்தியாவில் 1997-க்குள் 112 சாயங்கள் தடைசெய்யப்பட்டன. ஐரோப்பாவில் 22 அமீன்களுக்கு கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரம்பு. போர்டில் ‘தடைசெய்த அமீன் இல்லை’ என்று எழுதுங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஆய்வறிக்கை கையில் இருந்தால். சிவப்பு நாப்தால் (நூலின் மேலேயே உருவாகும் ஆசோ சாயம்) நூலை முதலில் அனுப்புங்கள், வம்பு பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: கல்லூரி மன்றத்தில் மாதுளை ஓட்டுச் சாயம் போட்டோம். நூல் திட்டுத்திட்டாக, மங்கலாக வந்தது. (மாணவர்கள், காரைக்குடி)

பதில்: பருத்தி வெறும் படிகாரத்தைச் சரியாகப் பிடிக்காது, முதலில் கடுக்காய் வேண்டும். அதை விட்டிருப்பீர்கள். ஒரு கிலோ நூலுக்கு 40 கிராம் சோடா ஆஷும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக அலசுங்கள். தண்ணீரில் போட்டதும் நூல் உடனே மூழ்கினால் மெழுகு போய்விட்டது, மிதந்தால் மறுபடி. பிறகு 150 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, நூலை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். பிழிந்து, அலசாமல், நிழலில் உலர்த்துங்கள். 150 கிராம் படிகாரத்தை 25 லிட்டர் வெந்நீரில் கரைத்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உலர்த்தி, லேசாக அலசுங்கள். 300 கிராம் மாதுளை ஓட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு முறை வடிகட்டி, அந்தச் சாற்றில் 80 டிகிரியில் முக்கால் மணி நேரம் நூலைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

திட்டு வருவதற்குக் காரணம் சிட்டத்தை இறுக்கிக் கட்டுவது. கட்டு எட்டு வடிவில் தளர்ந்து, விரல் நுழையும்படி இருக்க வேண்டும். மங்கலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள இரும்பைச் சந்தேகியுங்கள். வளவுக் கூரையிலிருந்து முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் வீடு யாருக்காவது இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டம் போட்டு ஒப்பிடுங்கள், பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். செம்பு அண்டா நிறத்தை மாற்றும், எவர்சில்வர் போதும். பழுப்பை அடர்த்தியாக்க அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்ப்பதானால் கிலோவுக்கு 20 கிராமைத் தாண்டாதீர்கள், நூல் இற்றுப்போகும். மஞ்சள்கிழங்குச் சாயம் காட்சிக்கு அழகு, வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

எரிபொருளையும் எழுதிவையுங்கள். 25 லிட்டரை 30-லிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக மட்டும் கிட்டத்தட்ட 200 கிராம் கேஸ். கொதிக்கவைப்பதும் சூட்டில் நிறுத்துவதுமாக நாலு முறை அடுப்பேற்றும்போது அது கிலோவை நெருங்கும். ‘இயற்கை’ என்ற சொல் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஒரு பீரியடில் துணி பற்றிச் செய்துகாட்ட ஏதாவது? (ஆசிரியை, புதுவயல்)

பதில்: நூல் எரிப்புச் சோதனை. தையல்கடைக் குப்பையிலிருந்து பருத்தி, பட்டு, பாலியஸ்டர், டெரிகாட்டன் துண்டுகளை வாங்கி வாருங்கள். இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, நீங்கள்தான் எரிக்க வேண்டும், கீழே மணல் தட்டு, ஜன்னல் திறந்திருக்கட்டும். பருத்தி காகிதம் எரியும் வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். பட்டு கருகும் முடி நாற்றம், நசுங்கும் கரி. பாலியஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் நசுக்க முடியாத கரும் மணி. டெரிகாட்டன் இரண்டும் கலந்து பிள்ளைகளைக் குழப்பும், அதைக் கடைசிக்கு வையுங்கள். பிறகு அவரவர் சட்டைக் காலர் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். லேபிளே இல்லாத சட்டைகளை எண்ணிப் பலகையில் எழுதுங்கள்.

கேள்வி: அப்பத்தாவின் பழைய கண்டாங்கியில் கருப்புக் கட்டம் மட்டும் விண்டு விண்டு வருகிறது, சிவப்பு நன்றாக இருக்கிறது. வெட்டிக் குர்தா தைக்கலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: கருப்பு மட்டும் இற்றால் காரணம் சாயத்தில் இருக்கிறது. இரும்பும் கடுக்காயும் சேர்ந்த கருப்பென்றால் இரும்பு நூலை அரிக்கும். சல்ஃபர் கருப்பென்றால் புழுக்கத்தில் பெட்டிக்குள் கிடக்கும்போது மெல்ல மெல்லக் கந்தக அமிலம் விட்டு நூலைத் தின்னும். எதுவானாலும் போன பலம் திரும்பாது. கருப்பு இழை ஒன்றை உருவி இழுத்துப் பாருங்கள், தாள் போல் பட்டென்று அறுந்தால் தையல் ஊசியைத் தாங்காது. குர்தா வேண்டாம். அக்குளிலும் தோளிலும் முதல் நாளே கிழியும். சிவப்பு மட்டும் உள்ள உடல்பகுதியைப் பையாகவோ தலையணை உறையாகவோ, உள்ளே மெல்லிய மல் துணி வைத்துத் தைக்கலாம்.

முழுசாக வைத்துக்கொள்வதானால், ஓரத்தில் சோதித்த பிறகு, லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷ் கரைத்த பச்சைத் தண்ணீரில் வலையில் கிடத்தி ஒரு முறை நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். இருக்கும் அமிலம் அடங்கும். மரப்பெட்டியின் பலகை துணியில் படாமல் துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். பழைய மடிப்பிலேயே மடித்தால் அங்கேதான் முதலில் விடும்.

கேள்வி: இதையெல்லாம் படிக்க எங்கே சேரலாம்? (பலர்)

பதில்: தறியும் சாயமும் கையில் பழக வேண்டுமானால் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் (1960), மூன்றாண்டு டிப்ளமோ. வடிவமைப்புப் பக்கம் என்றால் சென்னை நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம், 1995). வேறெந்தக் கல்லூரியில் ‘சஸ்டெய்னபிள் ஃபேஷன்’ என்று விளம்பரம் பார்த்தாலும், சேரும் முன் ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உரசல் சோதனைக் கருவி இருக்கிறதா, அதன் மேல் தூசி எத்தனை அடுக்கு என்று பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.